கைப்பேசியில் வரும் முகமறியா நண்பர்

பொழுது விடியுமுன்பே பால்மரம் வெட்டவும் செம்பனைக் குலை அறுக்கவும் பெற்றோர் புறப்பட்டுவிடுகின்றனர். விடுமுறை நாள்களில் பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் இருப்பர். அவர்கள் கையில் கைப்பேசி இருக்கும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வீட்டிலிருந்து பாடம் படிப்பதற்கெனப் பல குடும்பங்கள் சிரமப்பட்டு வாங்கிக் கொடுத்த கருவி அது. பாடம் பள்ளிக்குத் திரும்பிவிட்டது. கைப்பேசி வீட்டிலேயே தங்கிவிட்டது.

மொபைல் லெஜண்ட்ஸ், ஃப்ரீ ஃபயர் போன்ற விளையாட்டுகளில் முகமறியாதவரோடு சேர்ந்து ஆடலாம், உரையாடவும் செய்யலாம். தீய எண்ணங்கொண்டவன் அங்கே தன்னையும் ஒரு சிறுவன் என்று கூறிக்கொண்டு வருகிறான். விளையாட்டுக்கு வேண்டிய 'டைமண்ட்' வாங்கித் தருகிறான். பிள்ளையின் மனக்குறைகளைப் பொறுமையாகக் கேட்கிறான். சில நாள்களில் பேச்சு வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ மாறுகிறது. "வீட்டில் சொல்லாதே" என்கிறான். பின்னர் ஒரு படம் கேட்கிறான். அது கிடைத்தவுடன் நட்பு மிரட்டலாகிறது: மேலும் படம் வேண்டும், அல்லது பணம் வேண்டும், இல்லையேல் பள்ளி நண்பர்களுக்கு அனுப்பிவிடுவேன் என்பான்.

இந்நிலையிலும் பிள்ளை வாய் திறப்பதில்லை. ஏன்? "ஏதாவது தப்பு நடந்தால் போனைப் பிடுங்கிவிடுவேன்" என்று நாமே முன்னர் சொல்லி வைத்திருக்கிறோம். நம் கண்டிப்பு அந்த அந்நியனுக்குத் துணையாகிவிடுகிறது. ஆகவே பெற்றோர் முதலில் தர வேண்டியது ஓர் உறுதிமொழி: "யார் என்ன கேட்டாலும் என்னிடம் சொல். அடிக்கமாட்டேன், கைப்பேசியையும் பறிக்கமாட்டேன்." இதனைத் தொல்லை வருமுன்பே சொல்ல வேண்டும், பாட்டிக்கும் தெரிவித்திருக்க வேண்டும்.

கருவியிலும் சில காப்புகள் உண்டு. டிக்டாக்கில் 16 வயதுக்குட்பட்டவருக்குத் தனிச் செய்தி அனுப்பும் வசதி இல்லை. ஆயினும் பிள்ளை பிறந்த ஆண்டைப் பொய்யாகப் பதிந்திருந்தால் அக்காப்பு பயன்படாது. பிள்ளையை அருகில் அமர்த்தி அந்த ஒன்றையாவது சரிபாருங்கள்.

2017ஆம் ஆண்டின் சிறார்களுக்கெதிரான பாலியல் குற்றச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் காக்கிறது. தீய நோக்கத்துடன் சிறாரிடம் நட்புப் பேசி வசப்படுத்துவதே குற்றம். நேரில் ஒருமுறைகூடச் சந்தித்திருக்க வேண்டியதில்லை. 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கப்படலாம்.

மிரட்டல் வந்துவிட்டதெனில் பணம் அனுப்ப வேண்டாம். ஒருமுறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பான். செய்திகளைக் கோபத்தில் அழித்துவிட வேண்டாம், அவையே சாட்சி. எதிராளியின் பெயர், எண், பணம் கேட்ட வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் படத்தை ஆலோசனை கேட்பதற்கென்றுகூட உறவினருக்கோ தோட்டத்துத் தலைவருக்கோ அனுப்பாதீர்கள். அத்தகைய படத்தைப் பரப்புவதும் அதே சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். கைப்பேசியை அப்படியே அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கு எடுத்துச் சென்று புகார் செய்யுங்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே 15999 என்ற எண்ணை அழைக்கலாம், இரவிலும் அழைக்கலாம்.