அப்பளமும் ஐந்தொகையும்

தொழில் என்று சொன்னதும் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? வானை நோக்கி உயர்ந்த புகைபோக்கி, விடியற்காலையில் ஊதும் சங்கு, சாரிசாரியாக ஆலைவாயிலில் நுழையும் தொழிலாளர் கூட்டம். பருத்தி ஆலைகளால் பேர்பெற்ற இம்மும்பை நகரில் வாழும் நமக்கு அச்சித்திரம் இயல்பாகவே எழும். ஆனால், அந்த ஆலைகளுள் பெரும்பாலானவை 1982-ஆம் ஆண்டு தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பின் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவை இருந்த இடங்கள் பலவற்றில் இன்று அங்காடிகளும் அலுவலகங்களும் நிற்கின்றன. சங்கு ஓய்ந்துவிட்டது. எனினும், சங்கொலியே கேட்டறியாத மற்றொரு தொழில் இதே நகரில் இடையறாது நடந்து வருகிறது. அது பத்தடிக்குப் பத்தடி அறைகளில் நடக்கிறது. அங்கே முதலாளியும் தொழிலாளியும் கணக்கரும் ஒருவரே. அவர் பெரும்பாலும் ஒரு பெண்.

அப்பளம், முறுக்கு, ஊறுகாய், மெழுகுவத்தி, பூவேலை செய்த துணி, மணி கோத்த மாலை என்று நாம் வாங்கும் பண்டங்களுள் எத்தனையோ இவ்வாறு வீட்டில் உருவானவை. இத்தொழில் எப்படி நடக்கிறது, இதில் பொருள் எங்கே சேர்கிறது, எங்கே கரைகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வேதியியல் மாணவிக்குப் பொருளியலில் என்ன வேலை என்று அத்துறை நண்பர்கள் புன்னகை புரியலாம். என் அன்னையின் முறுக்குத் தொழிலுக்கு நான்கு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன் என்பதே நான் காட்டக்கூடிய தகுதி.

மூவகை வேலை

வீட்டிலிருந்து கைப்பொருள் செய்யும் பெண்களை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர் கூலிக்குச் செய்வோர். பொருளைத் தருபவர் வேறொருவர். செய்து முடித்ததும் எண்ணிப் பார்த்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு எடுத்துச் செல்பவரும் அவரே. லக்னோ நகரின் சிக்கன் பூவேலை இதற்கு நல்ல சான்று. துணியை வெட்டுபவர், அச்சுக்கட்டையால் கோலம் பதிப்பவர், வெளுப்பவர் எனப் பல கைகள் மாறும் அத்துணியில், நாள் கணக்கில் குனிந்திருந்து ஊசி வேலை செய்பவர் வீட்டிலிருக்கும் பெண். துணி கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பது பலவேளை அவருக்கே தெரியாது.

இரண்டாம் வகையினர் தம் முதலைப் போட்டு, தாமே செய்து, தாமே விற்போர். ஆதாயம் வந்தால் அவருடையது. நட்டம் வந்தாலும் அவருடையதே.

மூன்றாம் வகையினர் பலராகக் கூடிச் செய்வோர். வேலை அவரவர் வீட்டில். கொள்முதலும் விற்பனையும் பொதுவில். இவ்வகைக்கு இந்தியாவிலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு நம் மும்பையில் பிறந்தது என்பதை நம்மில் பலர் அறியோம்.

எண்பது ரூபாய் முதல்

1959-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள், அன்றைய பம்பாயின் கிர்காவ் பகுதியில், ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். முதலாகக் கிடைத்தது 80 ரூபாய். அதுவும் சகன்லால் பரேக் என்ற சமூக ஊழியரிடம் வாங்கிய கடன். முதல் நாள் விளைச்சல் நான்கு பொட்டலம். இன்று 'லிஜ்ஜத்' என்ற பெயரில் நாடெங்கும் நாம் காணும் அப்பளத்தின் தொடக்கம் இதுதான். நிறுவனம் 1966-இல் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. அதே ஆண்டில் கதர், கிராமத் தொழில் ஆணையத்தின் ஏற்பும் கிடைத்தது. இன்று அதில் 40,000-க்கு மேற்பட்ட பெண்கள் உறுப்பினர். நிறுவிய எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

வளர்ச்சியைக் கண்டு வியந்து நின்றுவிட வேண்டா. அது எவ்வாறு இயங்குகிறது என்பதன்றோ நாம் அறிய வேண்டியது? மாவு பொது இடத்தில் பிசையப்படுகிறது. உறுப்பினர் காலையில் வந்து மாவைப் பெற்றுச் செல்கிறார்; வீட்டில் உருட்டி, இட்டு, உலர்த்துகிறார்; மறுநாள் அப்பளத்தைக் கொணர்ந்து தருகிறார். அப்பளம் எடை பார்த்து, தரம் பார்த்து ஏற்கப்படுகிறது. இட்ட கூலி கைக்கு வருகிறது. மீண்டும் மாவு பெற்று வீடு திரும்புகிறார்.

மாவை ஏன் பொதுவில் பிசைய வேண்டும்? இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சுவை எங்கும் ஒன்றாக இருக்கும். ஆயிரம் வீடுகளில் ஆயிரம் கைகள் உப்பிட்டால் ஆயிரம் சுவைகள் அல்லவா பிறக்கும்! மற்றொன்று, கொள்முதல். உளுந்தையும் மிளகையும் பெருங்காயத்தையும் மூட்டை மூட்டையாக வாங்கும்போது கிடைக்கும் விலை, தெருமுனைக் கடையில் கால் கிலோ வாங்குபவருக்கு ஒருநாளும் கிடைக்காது.

இட்ட எடைக்குக் கூலி என்பதால், இதுவும் முதல் வகை வேலைதானே என்று கேட்கலாம். கூலி முறை ஒத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஆதாயம் போய்ச் சேரும் இடம் வேறு. அங்கே அது வணிகரிடம் தங்குகிறது. இங்கே உறுப்பினர்களிடமே பங்காகத் திரும்புகிறது. இருவர் செய்யும் வேலை ஒன்றாக இருந்தும் வாழ்வு வேறாவது இந்த ஒரு வேறுபாட்டால்தான்.

கட்டிலும் அடுப்பும்

இங்கே என் பாடத்துக்குச் சிறிது இடம் தர வேண்டுகிறேன். தொடங்கிய ஆண்டில் அப்பெண்கள் மழைக்காலம் நான்கு மாதமும் தொழிலை நிறுத்த நேர்ந்தது. காயாத அப்பளம் பூசணம் பிடிக்கும். மறு ஆண்டு அவர்கள் வாங்கியவை ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும். கட்டிலின்மேல் அப்பளம், கட்டிலின்கீழ் அடுப்பு. மழையிலும் தொழில் நடந்தது.

இதன் அறிவியல் யாதெனில், காற்று எவ்வளவு வெப்பமாக இருக்கிறதோ அவ்வளவு மிகுதியாக நீராவியைத் தாங்க வல்லது. 30 பாகை வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள மழைக்காலக் காற்றை 40 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரையும் அகற்றாமலே அதன் ஈரப்பதம் சுமார் 52 சதவீதமாகக் குறைந்துவிடும். சூடான காற்று மேலே எழும். எழும்போது அப்பளத்தின் ஈரத்தை ஏந்திச் செல்லும். பல்லாயிரம் ரூபாய் பெறும் உலர்த்தும் பொறியின் தத்துவமும் இதுவே.

முற்றிலும் உலர்த்திவிடுவதும் தவறு. காய்ந்த எண்ணெயில் இட்டதும், அப்பளத்துள் எஞ்சிய சிறிதளவு நீர் நொடியில் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். அந்த ஆவியே அப்பளத்தைப் பொரிய வைக்கிறது. ஈரம் மிகுந்தால் பூசணம். குறைந்தால் பொரியாத தகடு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய எல்லையை எந்தக் கருவியும் இன்றி விரலால் வளைத்துப் பார்த்தே அறியும் பெண்ணை, 'படிக்காதவள்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

முறுக்கின் அடக்க விலை

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். தாராவியில் நம் தமிழ்ப் பெண்கள் முறுக்குச் சுட்டு விற்பதை அறியாதார் இலர். நெல்லைச் சீமையிலிருந்து நான் நான்கு வயதுக் குழந்தையாக இருக்கையில் இங்கு வந்த எங்கள் குடும்பத்தில், என் அன்னை செய்யும் தொழிலும் அதுவே. முதுநிலை வகுப்பில் சேர நான் கட்டிய கட்டணம் முறுக்குச் சட்டியிலிருந்து வந்ததுதான்.

ஒரு நாளின் கணக்கை இங்கே தருகிறேன். ஐந்து கிலோ முறுக்குக்கு அரிசி மாவும் உளுந்து மாவும் 240 ரூபாய், எண்ணெய் 210, எரிவாயு 90, வெண்ணெய், எள், சீரகம், உப்பு 60, உறைகள் 50. ஆக அடக்க விலை 650. கடைக்குக் கிலோ 220 ரூபாய் வீதம் 1,100 வரவு. மீதம் 450. ஆறு மணி நேர உழைப்பு என்று கொண்டால் மணிக்கு 75 ரூபாய். பரவாயில்லை என்றே தோன்றும்.

ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை. கடைக்குக் கொண்டு கொடுத்து வர இரண்டு மணி. உடைந்தவை என்று கடைக்காரர் அரைக் கிலோவைத் தள்ளினால் 110 ரூபாய் கழிவு. இப்போது மீதம் 340. உழைப்பு எட்டு மணி. மணிக்கு 42 ரூபாய் 50 காசு! இதையும் பெரும்பாலோர் கணக்கிடுவதில்லை. "கையில் காசு புரள்கிறதே" என்ற மகிழ்ச்சியில், முதல் எது, கூலி எது, ஆதாயம் எது என்ற பாகுபாடு மறைந்துவிடுகிறது.

கடன் இதைவிடக் கொடியது. ஒரு கடைக்காரர் நான்கு வாரம் கழித்தே பணம் தருவார். வாரத்துக்கு நான்கு முறை சுட்டால், பதினாறு முறைக்குரிய அடக்க விலையான 10,400 ரூபாய் அவர் கடையில் எப்போதும் உறங்கிக் கிடக்கும். அதாவது, அக்கடைக்கு வட்டியில்லாமல் கடன் கொடுப்பவர் என் அன்னை! அவரோ அந்த மாத எண்ணெய்க்கு வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்தார். பேரேட்டில் இரண்டையும் எதிரெதிரே எழுதிக் காட்டியபோது அன்னை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் யாருக்குடி சுட்டேன்?" என்றார்.

மறுவாரமே அவர் முடிவு செய்தார். வாரத்தில் இரண்டு சட்டி முறுக்கை அக்கம்பக்கத்து வீடுகளுக்கே கிலோ 280 ரூபாய்க்குக் கைமேல் காசாக விற்கிறார். வரவு 1,400, அடக்கம் போக 750. சுடும் ஆறு மணியோடு விற்கும் ஒன்றரை மணியும் சேர்ந்தால் மணிக்கு 100 ரூபாய். எல்லாவற்றையும் இவ்வாறு விற்க இயலாது. ஆகவே கடையும் தேவைதான். ஆயினும் இன்று கடைக்காரரிடம் பேசும்போது அன்னையின் குரல் மாறியிருக்கிறது. இரண்டு வாரத் தவணை என்பதற்கு அவர் ஒப்புக்கொண்டார்.

நாம் செய்யக்கூடியது

தனித்து நிற்கும் பெண்ணுக்கு மூன்று குறைகள்: குறைந்த விலையில் கொள்முதல் செய்ய வழியில்லை, வட்டி குறைந்த கடன் இல்லை, பேரம் பேச வலுவில்லை. மூன்றும் கூட்டுறவால் தீரக்கூடியவை. அகமதாபாத்தில் எலா பட் அம்மையார் 1972-இல் 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்ய முயன்றபோது, முதலாளி இல்லாத இடத்தில் தொழிற்சங்கம் எதற்கு என்ற தடை எழுந்தது. தொழிலாளர் ஒன்றுபடுவதற்கே சங்கம் என்று வாதாடி அவர் வென்றார். இரண்டே ஆண்டுகளில், 1974-இல், அப்பெண்கள் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியையும் கண்டார்கள். வீட்டிலிருந்து செய்யும் வேலையும் வேலையே என்பதை ஏற்றுப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது 1996-இல்தான். அகமதாபாத்துப் பெண்கள் உலகத்தைவிட இருபத்துநான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டார்கள்.

மாணவராகிய நாம் வங்கி தொடங்க முடியாது. ஆனால் கணக்கு எழுத முடியும். நம் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அடக்க விலை, உழைத்த நேரம், வர வேண்டிய கடன் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் எழுதிக் கொடுத்தால் போதும். உணவுப் பண்டம் செய்வோர் பதிவு பெற வேண்டும். வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் வேண்டும். அவை மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. நம் தாய்மார்க்குத் தெரிந்ததோ தமிழ். இடையில் நிற்கும் சுவரைக் கடக்கும் படிப்பை நமக்குத் தந்தவர்கள் அவர்களே.

ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடும் ஒரு பேனாவும் இதற்குப் போதும். எண்பது ரூபாய்கூடத் தேவையில்லை.