பூமி ஒரு கொண்டைக்கடலைன்னா, நெப்டியூன் எங்கே இருக்கும்?

இன்னிக்கு நம்ம விலாசத்தைப் பத்திப் பேசப் போறோம். நம்ம தெரு, ஊர், நாடு எல்லாத்தையும் தாண்டின பெரிய விலாசம்: சூரியக் குடும்பம்.

இந்தப் பேரைக் கேட்டதும் பாடப்புத்தகப் படம்தான் ஞாபகம் வரும். ஓரத்துல பெரிய மஞ்சள் சூரியன், பக்கத்துல ரயில் பெட்டி மாதிரி வரிசையா எட்டு கோள்கள். அந்தப் படத்துல ரெண்டு விஷயம் விடுபட்டுப் போகுது. ஒன்று, தூரம். இன்னொன்று, கோள்கள் அல்லாத சின்னச் சின்னப் பொருள்கள். அந்தச் சின்னப் பொருள்கள் நம்ம உயிரோட சம்பந்தப்பட்டவை. எப்படின்னு வரிசையா பார்ப்போம்.

முதல்ல தூரம்

ஒரு கணக்கு வச்சுக்குவோம். பத்து லட்சம் கிலோமீட்டரை ஒரு மீட்டராகச் சுருக்கிடலாம். இப்போ சூரியன் 1.4 மீட்டர் அகலமுள்ள ஒரு பந்து. கிட்டத்தட்ட ஒரு பத்து வயசுப் பிள்ளையோட உயரம். அதை உங்க வீட்டு வாசல்ல வைங்க.

அங்கிருந்து 58 மீட்டர் நடந்தா புதன். அளவு, ஒரு மிளகு. 108 மீட்டர்ல வெள்ளி. 150 மீட்டர்ல நம்ம பூமி. ரெண்டுமே ஊறவச்ச கொண்டைக்கடலை அளவுதான். பூமியிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்துல நிலா, ஒரு கொத்தமல்லி விதை. மனிதர்கள் இதுவரை பயணம் செய்த தூரம் சுமார் அவ்வளவுதான். 228 மீட்டர்ல செவ்வாய், ஒரு காய்ந்த பட்டாணி.

இதுவரைக்கும் ஒரே தெருவுல முடிஞ்சிடுது. அடுத்ததுக்குத்தான் நடக்கணும். வியாழன் 778 மீட்டர்ல இருக்கு, ஒரு பெரிய தேங்காய் அளவு. சனி 1.4 கிலோமீட்டர்ல. யுரேனஸ் கிட்டத்தட்ட 2.9 கிலோமீட்டர்ல. கடைசியா நெப்டியூன், 4.5 கிலோமீட்டர் தள்ளி ஒரு எலுமிச்சம்பழம். இங்கிருந்து ஆட்டோ பிடிச்சுத்தான் போகணும்.

1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இந்தக் கணக்குல இப்போ சுமார் 25 கிலோமீட்டர் தூரத்துல இருக்கு. நாற்பது வருஷத்துக்கும் மேலான பயணம் இது. சரி, சூரியனுக்கு அடுத்த நட்சத்திரமான ப்ராக்ஸிமா சென்டாரி? 40,000 கிலோமீட்டர். அதாவது உங்க வாசல்ல கிளம்பி நிஜமான பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றி வரணும்.

ஆக, சூரியக் குடும்பத்துல பெரும்பகுதி வெறும் இடம். இருக்கிற பொருளையெல்லாம் எடை போட்டா 99.8 சதவீதம் சூரியன்தான். மீதியில பாதிக்கும் மேல வியாழன் எடுத்துக்குது. அதுக்கப்புறம் மிஞ்சுற கொஞ்சத்துல ஒரு துளிதான் நாம.

உள்ளே கல், வெளியே வாயு

கோள்கள் ஏன் இப்படி அமைஞ்சிருக்கு? உள்ளே இருக்கிற நாலும் சின்னது, கல்லும் உலோகமுமா இருக்கு. வெளியே இருக்கிற நாலும் ராட்சத சைஸ். இது தற்செயல் இல்லை.

சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு வாயு-தூசி மேகம் சுருங்கியது. நடுவுல சூரியன் பிறந்தது, சுத்தி ஒரு தட்டு மாதிரி மிச்சப் பொருள் சுழன்றது. சூரியனுக்குப் பக்கத்துல சூடு அதிகம். அங்கே தண்ணீர் உறைய முடியாது. கல்லும் உலோகமும் மட்டும்தான் திடமா நின்றது. அது குறைவாத்தான் இருந்தது, அதனால சின்னக் கோள்கள்.

கொஞ்சம் தள்ளிப் போனா குளிர். அங்கே தண்ணீரும் பனிக்கட்டியா மாறி, கட்டுமானப் பொருளோட சேர்ந்துக்குச்சு. கையில சரக்கு அதிகம். அதனால வியாழனும் சனியும் வேகமா வளர்ந்து, சுற்றியிருந்த ஹைட்ரஜன், ஹீலியத்தையும் இழுத்துக்கிட்டாங்க. யுரேனஸ், நெப்டியூன் ரெண்டும் அவ்வளவு வாயு சேர்க்கலை. அதுங்களைப் பனி ராட்சதர்கள் என்று சொல்கிறார்கள்.

மிச்சம் மீதி

வீடு கட்டி முடிச்சதும் வாசல்ல கொஞ்சம் செங்கல், ஜல்லி கிடக்கும் இல்லையா? இங்கேயும் அப்படித்தான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல கிடக்கிறது சிறுகோள் பட்டை. சினிமால காட்டுற மாதிரி பாறைகள் முட்டி மோதிக்கிட்டு இருக்காது. ஒன்றுக்கொன்று லட்சக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. எல்லாத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நம்ம நிலாவோட எடைகூட தேறாது.

அதுல பெரியது சீரஸ். 1801-ல் இத்தாலியின் பலெர்மோ நகரில் பியாஸி கண்டுபிடித்தபோது அதைக் கோள் என்றுதான் சொன்னார்கள். அப்புறம் அதே பகுதியில இன்னும் நிறைய கிடைக்கவும், சிறுகோள்னு மாத்திட்டாங்க. இதே கதைதான் புளூட்டோவுக்கும். 1930-ல் கண்டுபிடிச்சாங்க. 1992 முதல் அதன் பக்கத்துலயே, நெப்டியூனுக்கு அப்பால் உள்ள கைப்பர் பட்டையில, வேற பொருள்களும் கிடைக்க ஆரம்பிச்சது. 2006-ல் புளூட்டோவையும் சீரஸையும் குறுங்கோள் என்று வகைப்படுத்தினார்கள். புளூட்டோவை அவமானப்படுத்திட்டாங்கன்னு பலருக்குக் கோபம். எனக்கு அப்படித் தோணலை. அது தனி ஆள் இல்லை, ஒரு பெரிய கூட்டத்துல ஒருத்தர்னு தெரிஞ்சதுதான் அங்கே நடந்த விஷயம்.

நம்ம ஊர்ப் பங்கும் இதுல இருக்கு. ஜவ்வாது மலையில உள்ள காவலூர் வானாய்வகத்திலிருந்து 1988-ல் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. அதுக்குக் கணித மேதை இராமானுஜன் பேரை வச்சிருக்காங்க.

வால்மீன்களும் இதே மிச்சம்தான், பனியும் தூசியும் சேர்ந்த கட்டிகள். சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி வால் முளைக்கும். ஹாலி வால்மீன் 1986-ல் வந்துட்டுப் போச்சு. மறுபடி 2061-ல் வரும். இப்போ இருபதுகள்ல இருக்கிறவங்க ஐம்பது, அறுபது வயசுல பார்க்கலாம்.

இதனால நமக்கென்ன?

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்போதைய மெக்சிகோ பகுதியில் விழுந்த ஒரு சிறுகோள், டைனோசர்களின் காலத்தை முடித்தது. அதோட அகலம் சுமார் 10 கிலோமீட்டர். நம்ம கொண்டைக்கடலைக் கணக்குல அது ஒரு மில்லிமீட்டர்ல நூறில் ஒரு பங்கு. தலைமுடியை விட மெல்லிசு!

2013-ல் ரஷ்யாவின் செல்யபின்ஸ்க் நகருக்கு மேல் வெடித்த கல் 20 மீட்டர்தான். அதிர்ச்சி அலையில கண்ணாடி உடைஞ்சு ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க காயம்பட்டாங்க. அது வர்றது யாருக்குமே முன்கூட்டித் தெரியலை.

டைனோசர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கு. 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் மேல வேணும்னே மோதியது. அது தன் பெரிய துணையைச் சுற்றிவர எடுத்துக்கிட்ட நேரம் அரை மணி நேரத்துக்கும் மேல குறைஞ்சது. ஒரு விண்பொருளோட பாதையை மனுஷங்க வேணும்னே மாத்தினது அதுதான் முதல் தடவை.

ஆனா தள்ளிவிடணும்னா முதல்ல கண்டுபிடிக்கணும், அதுவும் பல வருஷம் முன்னாடியே. அதனாலதான் தொலைநோக்கிகள் ராத்திரி ராத்திரியா இந்தத் தூசிகளைத் தேடிக்கிட்டு இருக்கு.

அடுத்த தடவை யாராவது சூரியக் குடும்பத்துல எத்தனை பேர்னு கேட்டா, எட்டுன்னு மட்டும் சொல்லி நிறுத்திடாதீங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.