பணம் போச்சு, பதில் வரலே! மறுபடியும் அமுக்கினால் இரட்டை நஷ்டம்

சாகுபுரம்,

கணக்கில் இருந்து பணம் போய்விடுகிறது. கடைக்காரருக்கு வந்து சேரவில்லை. செல்போனில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது!

தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் ரசாயன ஆலை இருக்கிறது. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் கடையில் டீ குடித்துவிட்டு, செல்போனைக் காட்டிப் பணம் கொடுக்கிறார்கள்.

"ரூபா போயிட்டு அண்ணாச்சி!"

"எனக்கு வரலியே தம்பி, பெட்டி இன்னும் பேசலியே!"

இந்தப் பேச்சு எந்தக் கடையிலும் கேட்கக் கூடியதுதான். சாகுபுரத்தில் மட்டும் அல்ல, நாடு முழுவதும் இதே கதைதான்.

மணியார்டர் சீட்டு

அந்தக் காலத்தில் மணியார்டர் அனுப்பினால், பணம் வாங்கியவர் கையெழுத்துப் போட்ட சீட்டு திரும்பி வரும். சீட்டு வராவிட்டால் பணம் சேரவில்லை என்று அர்த்தமா? இல்லை. பணம் சேர்ந்திருக்கலாம். சீட்டு வழியில் தொலைந்திருக்கலாம்.

செல்போனிலும் அதுதான் நடக்கிறது. நாம் அமுக்கியதும் கட்டளை போகிறது. நம் பாங்கி பணத்தைக் கழிக்கிறது. கடைக்காரரின் பாங்கி வரவு வைக்கிறது. பிறகு பதில் திரும்புகிறது. இதில் எந்த இடத்திலும் தடங்கல் வரலாம்.

பதில் வரவில்லை என்றால் "வேலை நடக்கவில்லை" என்று அர்த்தம் அல்ல. "நடந்ததா, இல்லையா என்று தெரியவில்லை" என்றுதான் அர்த்தம். அவசரப்பட்டு மறுபடியும் பணம் அனுப்பினால் அது புதுக் கணக்கு. இரண்டு தடவை பணம் போகும்!

கேட்டுக் கேட்டே கெட்டது

2016-ம் ஆண்டு யு.பி.ஐ. முறை தொடங்கியது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந்தேதி, சனிக்கிழமை, பல மணி நேரம் அது திணறியது. நாடு முழுவதும் ஜனங்கள் தவித்தார்கள்.

காரணம் என்ன? அதை நடத்தும் தேசிய பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் ஆராய்ந்தது. சில பாங்கிகளின் கம்ப்யூட்டர்கள், "அந்தப் பணம் போச்சா? போச்சா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டு இருந்தது தெரிய வந்தது. பழைய கணக்குகளைக் கூட விடவில்லை. கேள்விகள் குவிந்ததால், பதில் சொல்லவேண்டிய இடமே திக்குமுக்காடியது!

அதன் பிறகு கட்டுப்பாடு வந்தது. 2025 ஆகஸ்டு 1 முதல், முடியாமல் நிற்கும் ஒரு கணக்கின் நிலையை 3 தடவைதான் கேட்கலாம். ஒவ்வொரு தடவைக்கும் 90 வினாடி இடைவெளி வேண்டும்.

பிரவுசரில் என்ன கோளாறு?

கரண்ட் பில், ரெயில் டிக்கெட் ஆகியவற்றுக்குப் பலர் செல்போன் பிரவுசரில் பணம் கட்டுகிறார்கள். ரகசிய எண்ணைப் போட வேறு "ஆப்"புக்குத் தாவும்போது, சின்ன போனாக இருந்தால் இடம் போதாமல் பழைய பக்கத்தைக் கைவிட்டு விடும். திரும்பி வந்தால் வெள்ளைத் திரை! பதில் வந்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

பேட்டரி மிச்சம் பிடிக்கும் வசதி, டேட்டா மிச்சம் பிடிக்கும் வசதி இரண்டையும் பணம் கட்டும்போது நிறுத்தி வைப்பது நல்லது. போனில் தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான பக்கங்கள் திறக்காது.

திரையில் 4-ல் தொடங்கும் மூன்று இலக்க எண் வந்தால், நாம் அனுப்பியதில் ஏதோ கோளாறு. 5-ல் தொடங்கினால் எதிர்ப்பக்கம் கோளாறு. 504 என்றால், "காத்திருந்தேன், பதில் வரவில்லை" என்று அர்த்தம். அப்போதும் பணம் போயிருக்கலாம்.

முதலில் பார்க்கவேண்டியது நம் பாங்கிக் கணக்கு. அடுத்தது பில் அல்லது டிக்கெட் பட்டியல். இரண்டிலும் இல்லை என்றால்தான் மறுபடியும் கட்டவேண்டும்.

தினம் 100 ரூபாய்

போன பணம் என்ன ஆகும்? ரிசர்வ் பாங்கி 2019 செப்டம்பரில் இதற்கு உத்தரவு போட்டு இருக்கிறது.

தனி ஆளுக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியதற்குப் பதில் வராவிட்டால், 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு! வாடிக்கைக்காரர் கேட்காமலே கொடுக்கவேண்டும்.

ஆகவே, கணக்கில் வரும் 12 இலக்க எண்ணைக் குறித்து வைத்து, பாங்கியில் புகார் எழுதிக் கொடுக்கவேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.