48 பைட் சிக்கனம் சொல்லும் பாடம்

கைப்பேசி மெதுவாக இயங்குகிறதா? ‘புதிது வாங்கிவிடுங்கள்’ என்பதே இன்று எளிதாகக் கிடைக்கும் அறிவுரை. நினைவகம் மலிவு, ஆகவே அதை எண்ணிச் செலவழிக்க வேண்டியதில்லை என்னும் நம்பிக்கையே இதன் அடிப்படை. அந்த நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் நடந்த ஒரு சீரமைப்பு என் காரணத்தை விளக்கும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் எண்ணற்ற இணையச் சேவையகங்களிலும் அடித்தளமாக இயங்குவது லினக்ஸ் கெர்னல். ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் அதற்கென ஒரு குறிப்பைக் கெர்னல் நினைவகத்தில் உருவாக்குகிறது. எதுவரை படித்தாயிற்று, எழுத அனுமதி உண்டா போன்ற விவரங்கள் அதில் இருக்கும். 64 பிட் கணினியில் இக்குறிப்பின் அளவு 232 பைட்டாக இருந்தது. செயலியோ நினைவகத்தை 64 பைட் கொண்ட துண்டுகளாகவே கையாள்கிறது. எனவே ஒவ்வொரு குறிப்பும் நான்கு துண்டுகளை, அதாவது 256 பைட்டைப் பிடித்துக்கொண்டது.

2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் இந்த அளவு 184 பைட்டாகக் குறைந்தது. இப்போது மூன்று துண்டுகளே போதும்.

இது எவ்வாறு இயன்றது? கோப்பில் தரவு வந்ததும் எந்த நிரலுக்குச் சைகை அனுப்ப வேண்டும் என்ற விவரத்துக்கு 32 பைட் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வசதியைக் கேட்கும் நிரல்கள் மிகச் சிலவே. சுமையைத் தாங்கியவையோ எல்லாக் கோப்புகளும். இப்போது 8 பைட் சுட்டி மட்டும் நிலையாக உள்ளது. மற்றவை கேட்கும்போதுதான் ஒதுக்கப்படுகின்றன. சில வகைக் கோப்புகளுக்கு மட்டும் பயன்பட்ட வேறொரு புலமும் நீக்கப்பட்டது.

பத்து லட்சம் கோப்புகள் திறந்திருக்கும் சேவையகத்தில் இதனால் மிச்சமாவது சுமார் 6.4 கோடி பைட். கைப்பேசியில் மிச்சம் சொற்பமே. அதை மறைக்க வேண்டியதில்லை. இச்சிக்கனம் இலவசமும் அன்று. கேட்கும்போது இடம் கிடைக்காமற்போனால் என்ன செய்வது என்பதையும் நிரலாளர் எழுதியாக வேண்டும். ஒரு புலத்தை நீக்கும் முன், அதைத் தொடும் ஒவ்வொரு வரியையும் சோதித்தாக வேண்டும்.

ஆயினும் இவ்வுழைப்பு தேவை என்பேன். புதிய புலத்தைச் சேர்ப்பவருக்குச் செலவு ஏதுமில்லை. அச்செலவை உலகின் எல்லா இயந்திரங்களும் சுமக்கின்றன. ஒரே ஒரு மாற்றத்தின் சுமை கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுக்கணக்கில் சேரும் ஆயிரம் மாற்றங்களின் சுமைதான், நன்றாக உழைக்கும் கைப்பேசியைக் குப்பைக்கு அனுப்புகிறது. அதன் விலையைக் கொடுப்பவர், புதிது வாங்க வசதியில்லாதவர்தாம்.