வால்-ஈ படத்தில் ஒளியாத ஏ113

பிக்ஸார் படங்களில் ஏ113 தேடுவது ரசிகர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. அமெரிக்காவின் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் அனிமேஷன் மாணவர்கள் படித்த வகுப்பறையின் எண் அது. அங்கே படித்த ப்ராட் பேர்ட் 1987-லேயே ஒரு டிவி கார்ட்டூனில் அதைச் செருகிவிட்டார். டாய் ஸ்டோரியில் ஆண்டியின் அம்மா ஓட்டும் வேனின் நம்பர் பிளேட் அதுதான். கண் சிமிட்டினால் போச்சு.

2008-ல் வந்த வால்-ஈயில் மட்டும் அது ஒளியவே இல்லை. கதையின் பூட்டே அதுதான். 'பூமிக்குத் திரும்பாதே' என்று கப்பலின் ஆட்டோபைலட்டுக்கு வந்த ரகசிய உத்தரவின் பெயர் ஏ113. கிட்டத்தட்ட 700 வருஷமா அந்த உத்தரவு ஓடிக்கிட்டே இருக்கு. பூமியில் முளைத்த செடியைக் கண்ணெதிரே காட்டினாலும் ஆட்டோ மசியாது. எழுதினவர் போய்ச் சேர்ந்த பிறகும் யாரும் கைவைக்கப் பயப்படுகிற பழைய கோடைப் பராமரித்தவர்களுக்கு இந்த வில்லனை நல்லாவே தெரியும்!

ஆட்டோவின் ஒற்றைச் சிவப்புக் கண், குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் வரும் ஹால் 9000-க்கு வைத்த வணக்கம். கேப்டன் தட்டுத்தடுமாறி எழுந்து நிற்கும்போது ஒலிப்பதும் அதே படத்தில் வந்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இசைதான்.

குரல்? நடிகர் யாருமில்லை. எழுத்தைப் பேச்சாக்கும் ஆப்பிள் மென்பொருள், மேக்கின்டாக். வால்-ஈக்கு சார்ஜ் ஏறியதும் கேட்பதும் மேக் கணினி ஆன் ஆகும் ஓசையே. ஆனால் வால்-ஈக்குக் குரல் கொடுத்தவர் மனிதர்: ஆர்2-டி2வின் ஒலிகளை உருவாக்கிய பென் பர்ட். கப்பலின் கம்ப்யூட்டராகப் பேசுவதோ, 'ஏலியன்' படத்தில் கப்பல் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிய அதே சிகர்னி வீவர்.