கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு, தேன்சிட்டே!

போன தீபாவளி போனஸில் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். கூடவே 300 எம்.எம். லென்ஸ்.

''திருப்பதியில என்னை எடுத்த போட்டோல தலையே இல்லை. குருவிக்கு என்னென்ன இல்லாமப் போகப்போகுதோ!'' என்றாள் மனைவி.

எங்கள் வீடு நங்கநல்லூரில். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் மண்சட்டியில் தண்ணீரும் பழுத்த பப்பாளித் துண்டும் வைப்பது அப்பாவின் ரொம்ப நாள் பழக்கம். பங்குனி பிறந்தால் அங்கே ஒரே கூட்டம்! கன்னத்தில் சிவப்பும் தலையில் கொண்டையுமாகச் செம்மீசைச் சின்னான். டிஷ் கம்பியில் உட்கார்ந்து விசிலடிக்கும் குண்டுகரிச்சான். செம்பருத்தித் தொட்டியில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு.

முதல் ஞாயிறு 60 படம் எடுத்தேன். ஐம்பதில் வால். பாக்கி பத்தில் சுவர்.

போகப் போகத்தான் புரிந்தது. தேன்சிட்டு சுமார் 10 சென்டிமீட்டர். எடை 10 கிராம்கூட வராது. ஆணின் தலையிலும் தொண்டையிலும் பச்சையும் ஊதாவுமாக மின்னுகிறதே, அது சாயம் இல்லை சார். இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்பும் வித்தை. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மயில்கழுத்து நிறம். குருவிக்குப் பின்னால் இருந்தால் அடுப்புக்கரி!

அப்புறம் சில பாடங்கள். காலை ஒன்பதுக்குள் கடையைக் கட்டிவிட வேண்டும். சட்டிக்குப் பக்கத்தில் காய்ந்த குச்சி ஒன்றைச் செருகி வைத்தால், இறங்குமுன் அதில் உட்கார்ந்து போஸ் கொடுக்கும். ஷட்டர் 1/1000 செகண்ட். ஃபோகஸ் கண்ணில். விலை உயர்ந்த கேமரா இல்லையே என்று ஏங்க வேண்டாம். மா. கிருஷ்ணன் (1912-1996) பல பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவில், கறுப்பு-வெள்ளையிலேயே காட்டையே அள்ளிக்கொண்டு வந்தவர்.

சித்திரையில்தான் எனக்குப் பேராசை பிடித்தது. மாடியை எட்டும் கொய்யாக் கிளையில் தேன்சிட்டுக் கூடு. சிலந்தி நூல் வைத்துப் பின்னிய தொங்கு பை. வாசலுக்கு மேலே குட்டி சன்ஷேட் வேறு! உள்ளே குஞ்சுகளின் கீச்சுக் குரல். ஆனால் நாலு இலை குறுக்கே மறைத்தது. சணல் கயிறு எடுத்து அந்தக் கிளையை இழுத்துக் கட்டினேன்.

தாய்க்குருவி வாயில் பூச்சியோடு வந்தது. கூட்டுக்குப் போகவில்லை. கம்பிக்கும் கிளைக்குமாக அலைந்தது. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். கூட்டின் மேல் நேர் வெயில். மரத்து உச்சியில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கூட்டைப் பார்த்தது.

தண்ணீர் ஊற்ற வந்த அப்பா கயிற்றைக் கவனித்துவிட்டார்.

''ஏண்டா, உன் பொண்ணு பொறந்தப்போ, ஆஸ்பத்திரி ரூம் கதவைக் கழட்டி வெச்சுட்டு எவனாவது போட்டோ எடுத்திருந்தா சும்மா விட்டிருப்பியா?''

அவிழ்த்தேன். கை நடுங்கியது நிஜம். மாடிப்படி ரூமுக்குள் போய் நின்றுகொண்டோம். இலைகள் மூடியதும் காக்கா கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் தாய்க்குருவி சரேலென்று கூட்டுக்குள் தலையை விட்டது. கேமரா என் கழுத்தில்தான் தொங்கியது. தொடவில்லை.

பி.காம். படித்தவன் புத்தி... கணக்குப் பார்க்காமல் இருக்குமா? கூட்டின் படம்: பூஜ்யம். கொய்யா மரத்திலிருந்து பறந்துபோன குஞ்சுகள்: இரண்டு.

சட்டிப் பக்கம் எடுத்த படம் ஒன்று மட்டும் ஹாலில் மாட்டியிருக்கிறது. பப்பாளி கொத்தும் சின்னான். மனைவி ரொம்ப நேரம் பார்த்தாள்.

''பரவாயில்லையே... இதுக்குத் தலை இருக்கு!''