ஐந்து விநாடி

"தம்பி, நெட் சரியான ஸ்லோவாக் கிடக்கு" என்றார் சிட்னியின் பிளாக்டவுனில் இருக்கும் பெரியவர் ஒருவர். பேரன் விட்டுப்போன பழைய லேப்டாப். அதில் டெபியன் லினக்ஸ். ஊர்ச் செய்திகள் கடல் தாண்டி வருவதால்தான் இழுக்கிறது என்பது அவர் கணக்கு.

சிட்னியிலிருந்து சென்னை வான்வழியில் 9,000 கிலோமீட்டர் சொச்சம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். நேராகக் கேபிள் இருந்தால் போய்வர விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது; கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கொஞ்சம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகத் திறந்த தளம் ஒவ்வொன்றும் ஐந்து விநாடி வெள்ளையாக நின்றது. பிறகு மடமடவென்று கொட்டியது. அந்த ஐந்து விநாடியில் ஒளி இழைக்குள்ளேயே பூமியை 25 முறை சுற்றிவிடும்.

நெரிசல் என்றால் ஒருமுறை மூன்று, மறுமுறை எட்டு என்று ஏறி இறங்கும். ஐந்து, ஐந்து, ஐந்து என்று வந்தால் அது யாரோ எழுதிவைத்த எண். அதே வைஃபையில் அவர் கைப்பேசிக்கு இந்த இழுப்பு இல்லவே இல்லை.

தளத்தின் பெயரைச் சொன்னால் முகவரி எண்ணைத் தருவது டிஎன்எஸ். லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் அதனிடம் இரண்டு கேள்விகளை ஒன்றாக அனுப்புகிறது: பழைய 32 பிட் முகவரி உண்டா, புதிய 128 பிட் முகவரி உண்டா? முதலாவதற்குப் பெயர் 'ஏ'. நான்கு மடங்கு நீளம் என்பதால் இரண்டாவதற்கு 'ஏஏஏஏ'. பெயர் வைத்தவர்கள் அதிகம் மெனக்கெடவில்லை. இரண்டும் ஒரே போர்ட் வழியாகப் போகும்போது சில வீட்டு ரூட்டர்கள் குழம்பி, ஒன்றுக்கு மட்டும் பதில் தரும். வலையில் போவதையும் வருவதையும் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது: போனது இரண்டு, வந்தது ஒன்று. ஒரு முகவரி கையில் இருந்தும் ஜிலிப்சி மற்றதற்காகக் காத்திருக்கிறது. அதன் வழக்கமான பொறுமை 5 விநாடி.

இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம், புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐ அணைத்துவிடு என்பது. எனக்கு உடன்பாடில்லை. பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு அவற்றைப் பங்கிடும் ஏப்னிக், இதே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கிறது. 2011 ஏப்ரல் 15 அன்றே அது கடைசித் தொகுதிக்கு வந்து, கிள்ளிக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. புது முகவரி வேண்டாத விருந்தாளி அல்ல.

டிஎன்எஸ் அமைப்பு இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 'சிங்கிள்-ரிக்வெஸ்ட்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் போதும். ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே ஜிலிப்சி அடுத்ததைக் கேட்கும். அடுத்த முறை வைஃபை இணையும்போது, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் அந்தக் கோப்பைத் திருப்பி எழுதிவிடும் என்பதால், அதன் அமைப்பிலேயே போட்டுவைத்தேன்.

ரூட்டர் அதே ரூட்டர்தான். இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கொடுத்தால் இன்றும் ஒன்றை விழுங்கிவிடும்.